மூன்று நாட்டுக்கு இரண்டு சைக்கிள்

எடியே,

என் குசினி முழுக்க இப்போது சொலூசன் மணக்கிறது. பஞ்சர் ஒட்டுகிற பசை. ஒரு பக்கம் அடுப்பில் வெங்காயம் வதங்குகிறது. மறுபக்கம் மேசையில், பாத்திரம் கழுவுகிற பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, சைக்கிள் ரியூபை அமுக்கி அமுக்கி, குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "இது வீடோ, சைக்கிள் கடையோ?" என்றார். "ஞாயிற்றுக்கிழமையில சைக்கிள் கடை. மற்ற நாளில வீடு" என்றேன். போய் ரீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ரியூப் என்னுடையதில்லை, உன்னுடையது. உன் நீலச் சைக்கிள் குளிர்காலம் முழுக்க என் தோட்டத்துக் கொட்டிலில் காற்றுப் போய்ச் சாய்ந்து நின்றது. இன்று காலைதான் வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். ஓட்டையைக் கண்டுபிடித்து, உரசி, பசை தடவி, கெதியாகக் காயட்டும் என்று வாயால் ஊதியபோது நீ வந்தாய். நினைவு வந்தது என்று எழுதுவார்கள். உன் விஷயத்தில் அப்படி எழுத முடியாது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே விட்டாய். "ஊதாத எடி, தானாக் காயட்டும். உனக்கு எல்லாத்திலயும் அவசரம்."

ஓம், அவசரம்தான். ரிக்கெற் போட்டாச்சு. லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பேர்க். அங்கிருந்து வடக்கே, தார் ரோட்டு முடிகிற வரைக்கும் பஸ். அதற்கப்பால் செம்மண், முள்ளு மரம், யானை, கூடாரம். நித்திரை வருகுதில்லை. மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று சனத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுகூட என் கால் கீழே மிதித்துக்கொண்டு நிற்கிறது. இவர் கேட்கிறார், ஆடி மாசத்தில் ஆராவது பயணம் வெளிக்கிடுவினமோ என்று. ஆடி அங்கே மழையில்லாத காலம், ஆறு வற்றிக் கிடக்கும், அதனால்தான் சைக்கிள் ஓடலாம் என்றேன். நல்லநாள் பார்க்கிறவர்கள் யானையிடம் போய்ப் பார்க்கட்டும்.

உனக்கு ஞாபகமிருக்கும், இந்தப் பைத்தியம் எங்கே தொடங்கியது என்று. நீ இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் கார் பழக்கினவள். ரெய்னர்ஸ் லேனில் இன்றைக்குக் கார் ஓடுகிற மனைவிமாரில் பாதிப் பேர் உன்னிடம் ஏச்சு வாங்கினவர்கள்தான். பக்கத்து இருக்கையில் உனக்கென்று ஒரு பிரேக். அந்தப் பழக்கத்தில் நீ எவருடைய காரில் ஏறினாலும் உன் கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். என் வீட்டு சோபாவில் இருந்து நாடகம் பார்க்கும்போதுகூட, கதாநாயகி பிழையான முடிவெடுத்தால் உன் கால் பிரேக் பிடிக்கும். நான் உன் மாணவிகளில் ஆகக் கடைசி. டெஸ்ட்டில் நான் திரும்பத் திரும்பத் தோற்றபின், ஒரு நாள் அந்தக் கார்ப் பார்க்கில் வைத்தே சொல்லிவிட்டாய். "நீ ஓடுறது காரில்லையடி, காவடி. உனக்கு இது சரிவராது. சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"யாழ்ப்பாணத்தில பிறந்தவளிட்டக் கேக்கிற கேள்வியோ இது?" என்றேன் நான். நாங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர் அல்ல, ஒரே பள்ளிக்கூடமும் அல்ல. ஆனால் பெற்றோல் இல்லாத காலத்தில் வளர்ந்த எங்களுக்கு, நடக்கிறதுக்கு அடுத்தது சைக்கிள்தானே. அடுத்த கிழமையே ஆரோ விற்ற இரண்டு பழைய சைக்கிளை வாங்கி வந்து நின்றாய்.

பிறகு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோன கூத்து. புதுக் கார் வாங்கினவர்கள் பூசைக்கு வரிசையாக விட்டிருக்க, பென்ஸுக்கும் பீஎம்டபிள்யூவுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐயர் தட்டோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்து, "வாகனம் எங்கையம்மா?" என்று கேட்டார். "இதுதான் ஐயா" என்றாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல். ஒரு காருக்கு என்று நான் கொண்டுபோன நாலு எலுமிச்சம்பழமும் இரண்டு சைக்கிளுக்குக் கணக்குச் சரியாகப் போயிற்று. ஐயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மந்திரத்தை மட்டும் குறைக்கவில்லை.

கால்வாய்க் கரையில் தொடங்கினோம். நோத்தோல்ட் பக்கம் வாத்துக்களை விலக்கிக்கொண்டு போவது. பிறகு ரைஸ்லிப் காடு. அதற்குப் பிறகு ஹரோ ஹில். அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சும் வராது, கதையும் நிற்காது. "ஏறேக்க கதைக்காத. இறங்கேக்க கதைப்பம்" என்பாய். இறங்கும்போது காற்று காதை அடைக்கும், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆனாலும் கத்திக் கத்திக் கதைத்தோம். மாமியாரைப் பற்றி, முழங்காலைப் பற்றி, என் சீனி வருத்தத்தைப் பற்றி. அந்த இறக்கத்தில் நாங்கள் பேசின ரகசியங்களை ஹரோக்காரர் முழுப்பேரும் கேட்டிருப்பார்கள். நல்லவேளை, தமிழ்.

ஒரு நாள் நான் வேலையில் நிற்க, உன்னிடமிருந்து ஒரு வீடியோ. செம்மண் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகச் சைக்கிள்காரர். தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ பாறை என்று நினைத்தேன். பாறை காதை ஆட்டியது. உடனே உன் போன். தென்னாப்பிரிக்கா, பொட்ஸ்வானா, சிம்பாப்வே மூன்றும் முட்டிக்கொள்கிற இடமாம். இரண்டு ஆறு சேருமாம். பாதை போட்டது மனிசர் இல்லையாம், யானை நடந்து நடந்து உண்டான வழியாம். அந்த வழியில் சைக்கிள் ஓடி மூன்று நாட்டையும் கடப்பார்களாம். ஓடுகிற ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஆட்களிடம் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது காட்டைக் காக்கவும், காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டவும் போகுமாம். யானைக்குப் பக்கத்திலேயே பிறந்து, சோளத்தை மிதிக்கிற பிராணி என்று மட்டும் அதை அறிந்த பிள்ளைகள். அவர்கள் ஒருக்கா அதை அவசரமில்லாமல் நின்று பார்க்க வேண்டாமா என்றாய்.

"உனக்கு விசரே?" என்றேன். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே எண்டு பழமொழி இருக்கு. காட்டு யானைக்கு ஆர் மணி கட்டினது?"

"மணி எங்கட சைக்கிள்ள இருக்கு. நாங்கள் முன்னே, ஆனை பின்னே. பழமொழி சரிதானே" என்றாய்.

காத்திருப்போர் பட்டியலில் இரண்டு பெயரையும் கொடுத்தாய். இடம் கிடைக்க முதலே காசு சேர்க்கவும் தொடங்கிவிட்டாய். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து ரோல்ஸ் விற்றாய். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, யானைக்குத் தபாலில் அனுப்புவேன் என்றாய். ஒருவர் வந்து முகத்தைச் சுழித்துக்கொண்டு, "ஊரில சனம் கஷ்டப்படுது, நீங்கள் ஆனைக்கோ காசு சேர்க்கிறியள்?" என்று கேட்டார். நான் ரோல்ஸ் பெட்டியை மூடப் போனேன். நீ, "சனத்துக்கு நான் மாசாமாசம் குடுக்கிறன் அண்ணை. ஆனைக்கு இந்த ஒருக்காத்தான். உங்களுக்கு மரக்கறியோ, மட்டனோ?" என்றாய். அவர் மட்டன் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமையும் வந்தார்.

ஆனால் உண்மையான காரணத்தை நீ என்னிடம் சொன்னது ரைஸ்லிப்பில், அந்த ஏரிக்கரை வாங்குப் பலகையில் இருந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணி குடித்தபோது. பதினாறு பதினேழு வயதில் ஒவ்வொரு செக்பொயின்ரிலும் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போனோமே. இறங்கு, பையைத் திற, கொப்பியைக் காட்டு, உருட்டு. இறங்க மறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. பிறகு இந்த நாட்டுக்கு வந்து, விசாவுக்காகக் குரொய்டனில் வரிசையில் நின்று நின்று காலம் போயிற்று. "சைக்கிள்ள போய் ஒரு எல்லையைக் கடக்கோணுமடி. ஒருத்தரும் துவக்கு நீட்டாம. அங்க மரத்துக்குக் கீழ ஒரு மேசை போட்டு, ஒரு மனிசன் இருந்து பாஸ்போட்டில முத்திரை குத்துவாராம். யானைக்கு அதுவும் இல்லை. அது நினைச்ச நேரம் மூண்டு நாட்டுக்கும் போகும், வரும்."

ஆற்று மணலில் சைக்கிள் ஓடாது, எல்லையில் அங்கேயும் இறங்கித்தான் உருட்ட வேண்டும் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். நீ கப்பைக் கீழே வைத்தாய். "உருட்டுவம். மண் சொல்லி இறங்கிறது வேற, ஆமி சொல்லி இறங்கிறது வேற."

பிறகு உன் உடம்புக்கு வருத்தம் வந்தது. அதை நான் விரித்து எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியாததா. மாரி தொடங்கும்போது ஏற்றத்தில் நீ பின்தங்கினாய், மாரி முடியும்போது நீ இல்லை. இடையில் ஒரு நாள், நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, இடம் கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தது. இரண்டு பேருக்கும். போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். ஜன்னலோரம் உன் மகள் அபி இருந்தாள். நான் உன் காதுக்குக் கிட்டக் குனிந்து, "எடி, இடம் கிடைச்சிட்டுது. உன்ர பேரையும் குடுக்கவோ?" என்று கேட்டேன். நித்திரை என்று நினைத்தேன். பார்வை நேரம் முடிந்தது, எழும்பினேன், வழக்கம்போல "அப்ப வாறன்" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "வாறன்" என்றாய்.

எனக்கு வந்த சந்தோஷம். விறாந்தையில் நின்று அபியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பஸ்ஸில் இருந்துகொண்டே எழுதி அனுப்பினேன், இரண்டு பேரும் வருகிறோம் என்று. அந்தக் கிழமைக்குள் நீ போய்விட்டாய்.

உன் செத்தவீட்டன்றுதான் எனக்கு விளங்கியது. சனம் வந்தது, இருந்தது, எழும்பியது. சாவீட்டில் வாறன் என்று சொல்லக்கூடாதே. ஒவ்வொருவராக வாய் திறக்காமல் படியிறங்கிப் போனார்கள். நானும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, உன் மனிசனைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் அந்தச் சொல்லை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்து விழுங்கினேன். அது தொண்டைக்குள் போனபோதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களில் புறப்படுகிற ஆள்தானே வாறன் என்று சொல்வது. இருக்கிற ஆள் சொல்வது, ஓம், போட்டு வா என்று, போய்விட்டு வா என்கிற கருத்தில். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் புறப்பட்டது நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்தான் கையைப் பிடித்துக் காருக்குள் ஏற்றினார்.

அதோடு விட்டிருந்தால் நானும் ஒரு விதமாகச் சமாளித்திருப்பேன். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்க, அபி பக்கத்தில் வந்து நின்றாள். "அன்ரி, அம்மா அந்தச் சைக்கிள் ரைட்டுக்கு வாறன் எண்டு சொன்னவ தானே. நானும் கேட்டனான். அம்மா சொன்னா செய்வா. அப்ப அவவின்ர இடத்தில நான் வரட்டோ?" லண்டனில் பிறந்த பிள்ளை. அவளுக்கு வாறன் என்றால் வருகிறேன், அவ்வளவுதான். வீட்டை விட்டுப் போகும்போது அவள் சொல்வது பாய். இருபத்தாறு வயதில், ஜிம்மில் ஓரடி நகராத சைக்கிளை வேர்க்க வேர்க்க மிதிக்கிறவள், உண்மைச் சைக்கிளைத் தொட்டுப் பத்து வருஷம் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து, பிள்ளை, அது அந்தக் கருத்தில்லை என்று எப்படிச் சொல்வேன்? பாப்பம் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு உன் மனிசன் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "மனிசியைப் பறிகுடுத்திட்டன். மகளையும் ஆனைக்குக் குடுக்கச் சொல்லுறியளோ?" என்றார். அண்ணையைப் பிழை சொல்ல முடியாது. அபி அவருக்கும் எனக்கும் நடுவில் இழுபட்டாள். வரட்டோ, விடட்டோ. அங்கே ஆரும் தனியாக ஓட முடியாது, சோடி சோடியாகத்தான் விடுவார்கள். உன் இடத்துக்கு ஆர் வருகிறார்கள் என்று இன்று பின்னேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காத்திருக்கிற ஆருக்கோ போகும், நான் அந்த ஆரோவோடு ஓடுவேன். அதுவும் பெரிய குற்றமில்லை. ஆனால் உன் இடம், எடி.

அதனால்தான் இந்தப் பஞ்சர். அபி மத்தியானம் சாப்பிட வருகிறாள், சைக்கிளை ஓடக்கூடிய நிலையில் வைத்துக் கேட்போம் என்று. ஆனால் முதலில் உண்மையைச் சொல்லப் போகிறேன். பிழையாக விளங்கின ஒரு சொல்லைக் காவிக்கொண்டு ஒரு பிள்ளை காட்டுக்கு வரக்கூடாது. நாளைக்கு ஆரோ ஒரு கிழவி கலியாண வீட்டில் அவளுக்கு விளக்கம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சொன்னபிறகு அவள் வராமல் விட்டால் விடட்டும். இல்லை, அப்படி விடவும் மனமில்லை. அவள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை, வாய்விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ஆசை.

மணி அடிக்கிறது. அவளாகத்தான் இருக்கும்.

பின்னேரம் ஆகிவிட்டது. இரு, ஒழுங்காகச் சொல்கிறேன்.

அபி கையில் ஒரு போத்தலோடு வந்தாள். மிளகாய்த்தூள், வீட்டில் வறுத்து இடித்தது. "அப்பா தந்தவர். அன்ரியிட்டக் குடு, அங்க சாப்பாடு உறைக்காது எண்டார்." நான் அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மனிசன் சம்மதம் என்று வாயால் சொல்லுகிற ஆளில்லை, உனக்குத் தெரியும். அதிலும் அது ஒரு ஆளுக்கென்று தந்த தூளில்லை. இரண்டு பேர் ஒரு மாதம் சமைக்கலாம்.

மிளகாய்த்தூளுக்கு ஒரு கதை இருக்கிறது. எல்லையில் பிரச்சினை வருமோ என்று நான் முதலே மெயில் போட்டுக் கேட்டிருந்தேன். கருவாட்டையும் சேர்த்துத்தான் கேட்டேன். கருவாடு கூடவே கூடாது என்று பதில் வந்தது. தூளைப் பற்றி, தாராளமாகக் கொண்டு வாருங்கள், இங்கே விவசாயிகள் யானை வராமல் இருக்க மிளகாய் தடவின துணியைத்தான் வேலியில் கட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதை நான் சத்தமாக வாசிக்க, இவர், "அப்ப நீ அங்க ஒரு குழம்பு வைச்சா ஆனை எல்லாம் நாட்டை விட்டே போயிடும், வைக்காத" என்றார். அபிக்கு அதைச் சொன்னேன். சிரித்தாள். உன் சிரிப்புத்தான், கடைசியில் ஒரு மூச்சு இழுக்கிறது.

சிரித்து முடியச் சொன்னேன். "பிள்ளை, வாறன் எண்டதுக்கு ரெண்டு கருத்து இருக்கு." குசினியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் போகும்போது போறன் என்று சொல்வதில்லை என்பதை. அன்றைக்கு நான் வாறன் என்று சொன்னதற்குப் பின்னால்தான் நீ சொன்னாய் என்பதை. செத்தவீட்டு வாசலில் எனக்கு உறைத்ததை. மேசையில் கிடந்த காற்றடிக்கிற பம்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அம்மா எனக்கு முன்னால பாய் சொன்னவ. நான் அதைக் கேட்டும் கேக்கேல்ல" என்றாள்.

"எது எண்டு எனக்குத் தெரியாது, அபி. அவவுக்குத்தான் தெரியும்."

"உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே அன்ரி. அப்ப ஏன் நீங்கள் உடன பேரைக் குடுத்தனீங்கள்?"

நல்ல கேள்வி. "அந்த நேரம் எனக்குச் சைக்கிள்தான் தெரிஞ்சது" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்து, இவர் ஓடிவந்து நிற்பாட்டி, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மூன்று தட்டில் சோற்றைப் போட்டார். கருகின கறியை மூன்று பேரும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது மேசைக்குக் கீழே அபியின் கால் தரையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது. தனக்கு அந்தப் பழக்கம் இருப்பது அவளுக்கே தெரியாது.

பிறகு இரண்டு பேருமாக ரியூபை ரயருக்குள் போட்டோம். ஒட்டின இடம் நன்றாகக் காய்ந்திருந்தது, நீ ஏசினபிறகு நான் ஊதவேயில்லை. காற்றடித்தாள். சில்லைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறாயோ என்று நான் கேட்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, பதில் மெயில் எழுதாமல் கிடந்தது. யோசிக்க வேணும், அப்பா தனிய இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்வாசலால் வெளிக்கிட்டாள். வழக்கமாகக் கட்டிப்பிடித்து, பாய் அன்ரி என்பாள். இன்றைக்குப் படியில் நின்று உன் ஹெல்மெட்டைத் தலையில் கொழுவிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"வாறன் அன்ரி."

பழக்கத்தில், "ஓம் பிள்ளை, போட்டு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்தினபிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. பிறந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை என்னிடம் சொல்லாத சொல். எந்த வாறன் அது? திறந்துகொண்டு ஓடினேன், காலில் செருப்புக்கூட இல்லை. அவள் போகவில்லை. கேற்றடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நான் வருவேன் என்று தெரிந்துகொண்டே நின்றாள்.

"எதைச் சொன்னனி? போறதையோ, வாறதையோ?"

"நீங்கள்தானே தமிழ். நீங்களே கண்டுபிடியுங்கோ" என்றாள். ஏறி மிதித்தாள். முதல் நாலு மிதி ஆடியது, நான் கார் ஓடினமாதிரி. பிறகு நேரானது. தெருமுனை வரைக்கும் மணியை அடித்துக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். யானை எங்கே என்று தேடினாரோ தெரியாது; மணியோசை முன்னே போய்விட்டது.

உள்ளே வந்து மெயில் எழுதினேன். அபியின் பெயரை எழுதினேன். இரண்டு பேரும் வருகிறோம் என்று எழுதும்போது, மூன்று பேர் என்று எழுதத்தான் கை போனது. அழித்துவிட்டு அனுப்பினேன். சோடி சோடியாகத்தான் விடுவார்கள், நீ எங்களுக்கு நடுவில் எப்படியும் புகுந்துவிடுவாய்.

அந்தச் சொல்லை நான் இனி விழுங்க மாட்டேன், எடி. அதைத்தான் காவிக்கொண்டு போகிறேன், பாஸ்போட்டோடும் பஞ்சர்ப் பெட்டியோடும். மரத்தடி மேசையில் முத்திரை குத்தின பிறகு, ஆற்று மணலில் நானும் உன் மகளும் இறங்கி உருட்டுவோம். மண் சொல்லித்தான் இறங்குவோம். ஏறும்போது ஒன்றும் கதைக்க மாட்டேன். இறங்கும்போது கத்திக் கத்திச் சொல்வேன், உனக்குக் கேட்கும்.

நேரமாகிவிட்டது. இவர் குசினியில் சட்டி சுரண்டுகிற சத்தம் கேட்கிறது.

அப்ப, வாறன். பயப்பிடாத, உன்னிடம் இல்லை. முதலில் யானையிடம்.